எலுமிச்சை மேல் ஏறிய கார்கள்

சாலப்பாளையத்தில் ரைஸ்மில்லுக்குப் பின்னால் இருக்கிற காலியிடத்தில் இன்றைக்கும் ஒன்பது பழைய கார்கள் எலுமிச்சை மரங்களின் உச்சியில் நின்றுகொண்டிருக்கின்றன. காங்கேயம் போகிற பஸ்ஸில் வலது பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும், இடது பக்கம் உட்கார்ந்தவர்கள் எழுந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வார்கள், அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் கார்கள் மரத்துக்குப் போன கதையைச் சொல்வதற்கு முன்னால் அவை வேறு எங்கேயும் போகாத கதையைச் சொல்ல வேண்டும், அதுதான் பெரிய கதை.

அந்த ஊரில் பழைய கார் பிரியர்கள் சங்கம் என்று ஒன்று இருந்தது. கார் வைத்திருப்பது ஒரு வேலை, காரில் போவது வேறொரு வேலை, இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது என்று நினைக்கிறவர்கள் எல்லாம் அதில் உறுப்பினர்கள். கடைக்குப் போக அவர்களுக்கு மொபெட் இருந்தது, கல்யாணம் காட்சிக்குப் போக வாடகை வேன் இருந்தது, கார் மட்டும் துடைப்பதற்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பெண்டாட்டியின் நல்ல நூல் சேலையாகப் பார்த்துக் கிழித்து எடுத்துக்கொண்டு போய்த் துடைப்பார்கள், துடைத்ததையே துடைப்பார்கள், பெற்ற பிள்ளையின் மூக்கை ஒரு நாளும் துடைத்திராத கை பம்பரின் இடுக்கெல்லாம் விரல் விட்டுத் துடைக்கும்.

சங்கத்தின் செயலாளர் ஜெகதீசன், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பெயிண்டுக் கடை வைத்திருப்பவர். அவருடைய சந்தன நிற ஃபியட்டில் அவர் மனைவி சிந்தாமணி ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்திருக்கிறாள், கல்யாணத்தன்று, அதுவும் அடியில் துண்டை விரித்து, தலைப்பூ கண்ணாடியில் படாமல் குனிந்துகொண்டு. குழந்தை பிறந்து தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது, குழந்தை சீட்டில் நனைத்துவிடும் என்று ஆட்டோவில்தான் கூட்டி வந்தார்கள். ஆட்டோவுக்கு முன்னால் ஜெகதீசன் மொபெட்டில் வழிகாட்டிக்கொண்டு வந்தார், ஆட்டோக்காரர் அந்த வழியில் பிறந்து வளர்ந்தவர் என்றாலும். நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்க வாய் வராத பிறவி சிந்தாமணி.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். குழந்தைக்குக் காது குத்த வேண்டும், அதுவும் தாய்மாமன் மடியில் வைத்து. அப்பா போன பிறகு அவள் பிறந்த வீட்டுக்கு ஆண் என்று இருப்பது தம்பி லோகு ஒருவன்தான். அவன் ஆவணிக் கடைசியில் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறான், போனால் எத்தனை வருஷம் கழித்து வருவானோ, அதற்குள் குழந்தை மடியில் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிடும். மடி ஒன்றுதான் இருந்தது, அதுவும் விமானம் ஏறப் போகிற மடி.

"தாராபுரம் வழியிலதான அம்மிணி இருக்குது," என்றார் ஜெகதீசன். "சங்கத்துல எல்லாருஞ் சேந்து ராமேஸ்வரம் போறம். ஒம்பது வண்டி, வரிசையா. போறப்ப உன்னையும் கொழந்தையையும் உங்கொம்மா வீட்டு வாசல்ல எறக்கி உட்டுர்றேன். இதுக்குன்னு பஸ்ஸுல போயி இடிபடோணுமா?"

சிந்தாமணி அன்றைக்கே குழந்தையின் பட்டுப்பாவாடையைப் பையில் எடுத்து வைத்தாள்.

ஆனி மாதம் ஒரு நல்ல நாள் பார்த்து ஒன்பது கார்களும் ரைஸ்மில் காலியிடத்தில் கூடின. சங்கத் தலைவர் ரைஸ்மில் ராமபத்திரன், தமது கறுப்பு அம்பாசிடரின் மேல் கை வைத்தபடி, வைத்த கைக்கு அடியில் ஒரு கைக்குட்டையையும் வைத்தபடி நின்றார். பூசாரி வந்தார், சந்தனம் வைத்தார், ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை முட்டுக் கொடுத்தார், சூடம் காட்டினார்.

"நல்ல நேரம் முடியறதுக்குள்ள வண்டிய எடுத்துருங்க," என்றார் பூசாரி. "பழத்து மேல சக்கரம் ஏறி நசுங்கோணும். வெச்ச பழத்தக் கையில எடுக்கறது ஆகாதுங்க, கழிச்ச கண்ணெல்லாம் வண்டிக்கே திரும்பிரும்."

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், எல்லாரும் வண்டியில் ஏறினார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரன் அடித்தார்கள். முதலில் போவது யார் என்பதை மட்டும் யாரும் முடிவு செய்திருக்கவில்லை.

"தலைவர் வண்டி முன்னால போறதுதானுங்க மொறை," என்றார் ராமபத்திரன்.

"மொறைன்னா வயசுக்குத்தானுங்க மரியாத," என்று இறங்கினார் ஜவுளிக்கடை நாச்சிமுத்து. "உங்க வண்டிக்கு என்ற ஜீப்பு பெரியப்பன் மாதிரி. பெரியப்பன் பின்னால வந்து உங்க வண்டிப் புழுதியத் திங்கறதா?"

"ரூட்டு தெரிஞ்சவன் நான்," என்றார் ஜெகதீசன். அவர் வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பவர். "ரூட்டு தெரிஞ்சவன் பின்னால வந்தா முன்னால போறவன் எங்க போவான்?"

பின்னால் வருகிறவனின் வண்டியில் புழுதி படியும், புழுதி படிந்தால் துடைக்க வேண்டும், துடைக்கிறதுதான் இவர்களுக்கு உயிராயிற்றே, அப்புறம் என்ன என்று சிந்தாமணிக்குத் தோன்றியது. அவள் பையும் குழந்தையுமாக ஃபியட்டின் பக்கத்தில் நின்றிருந்தாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

நல்ல நேரம் முடிந்தது. பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வரிசைப் பிரச்சினையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசி முடிப்பது என்று தீர்மானம் ஆயிற்று, பழத்தை எடுக்கவும் கூடாது, நசுக்கவும் முடியாது என்பதால் கார்கள் அங்கேயே நின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரிசைக்கு முன்னால் டீ எங்கே குடிப்பது என்ற பேச்சு வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் சங்கத்துப் பனியன் என்ன நிறம், பனியனில் கார் படம் நெஞ்சிலா முதுகிலா, முதுகில் போட்டால் முன்னால் போகிறவன் படத்தைப் பின்னால் வருகிறவன்தானே பார்ப்பான், அப்படியானால் மறுபடியும் முன்னால் போவது யார். இப்படிப் பேசிப் பேசி ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது பயணம் கிளம்புவார்களா என்று ஒன்பது பேரும் முதன்முதலாக ஒரே குரலில் சொன்னார்கள், சொல்லிவிட்டு ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள்.

அடியில் இருந்த பழங்கள் பேசிக்கொண்டிருக்கவில்லை. அவை அழுகின, விதை கக்கின, மில்லின் தவிடு விழுந்து கொழுத்த மண்ணில் முளைத்தன. முளைத்தவை கார் என்றும் பார்க்கவில்லை, தலைவர் செயலாளர் என்றும் பார்க்கவில்லை, மேலே வெயில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்து சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தன.

முதலில் பார்த்தது மில்லில் தவிடு கூட்டுகிற நாகம்மக்காதான். துடைப்பக்கட்டையும் கையுமாக வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

"ஏனுங்க தலைவருங்க, உங்க வண்டி முட்டிக்கால் போட்டு எந்திரிக்குதுங்க, பாத்தீங்களா?"

"கூட்டம் நடக்குதில்ல? முடிஞ்சப்புறம் வா," என்றார் ராமபத்திரன்.

கூட்டம் முடிவதற்குள் கார்கள் இடுப்பு உயரத்துக்குப் போய்விட்டன. ஒரு காருக்கு நாலு சக்கரம், நாலு மரம், நாலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சப்பரம் தூக்குகிறவர்களைப் போலப் பதமாகத் தூக்கின. ஒரு கீறல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. மரத்தை வெட்டிவிடலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, வெட்டினால் வண்டி கீழே விழும், விழுந்தால் பெயிண்டு போகும் என்றார் ஜெகதீசன். அதோடு பூசை போட்ட பழத்தின் மரம். எனவே வெட்டுவதில்லை என்று தீர்மானம் ஆயிற்று, இதற்கும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. ஆடிக் காற்றில் மரங்கள் ஆடுகிறபோது ஒன்பது காரும் தாமாகவே ஆரன் அடித்தன. அதைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மழை வருகிறது என்று தெரிந்துகொண்டார்கள். காருக்கு அடியில் நல்ல நிழல் விழுந்ததால் ஆடுகள் வந்து படுத்தன, ஆட்டுக்காரர்கள் வந்து படுத்தார்கள், ஆட்டுக்காரர்களைத் தேடி வந்த பெண்டாட்டிமார் வந்த கையோடு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்தில், தரையைத் தொடாததால் இது வண்டி இல்லை, ஆள் குடியில்லாததால் வீடும் இல்லை, எனவே மரம் என்று எழுதிக்கொண்டார்கள். பழங்கள் கொத்துக் கொத்தாகக் காய்த்தன, ஒவ்வொன்றும் குழந்தையின் கைமுட்டி அளவு. மூக்கருகே வைத்தால் லேசாகப் பெட்ரோல் வாசம் வந்தது, நறுக்கினால் போய்விட்டது. சாலப்பாளையத்தில் அந்த வருஷம் ஊறுகாய் போடாத வீடு கிடையாது, எந்தக் காரின் பழம் என்று நாக்கில் வைத்தவுடன் சொல்லுகிற அளவுக்குப் பெண்கள் தேறிவிட்டார்கள்.

"அம்பாசிடர் பழத்துல சாறே இல்ல, தோலுதான் தடிமன்," என்பாள் நாகம்மக்கா, தலைவர் காதில் விழுகிற மாதிரி.

சிந்தாமணி ஃபியட்டின் அடியில் போய் நின்று பார்த்தாள். சக்கரங்களைச் சேர்க்கிற இரும்பு அச்சு நல்ல கனமாக, தூளி கட்டுவதற்கென்றே அடித்துப் போட்ட மாதிரி குறுக்காக ஓடியது. ஸ்டூல் போட்டு ஏறிச் சேலையை முடிந்து தூளி கட்டினாள், கார் துடைக்கக் கிழிபடாமல் தப்பித்த ஒரே நூல் சேலை அது. குழந்தை அதில் தூங்கியது போல வீட்டில் என்றைக்கும் தூங்கியதில்லை. காற்று ஆட்டியது, இலை விசிறியது, அவள் வேலையைப் பார்த்தாள். அந்தக் கார் அவளுக்கு ஒத்தாசையாக இருந்தது அதுதான் முதல் தடவை.

மற்ற எட்டுக் கார்களும் பனை உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஃபியட் மட்டும் தூளியின் கனத்தில் தாழ நின்றது. ஜெகதீசனுக்கு அது பொறுக்கவில்லை.

"செகரட்டரி வண்டி தலையில குட்டு வாங்குன மாதிரி நிக்குதுன்னு நாச்சிமுத்து சிரிக்கறான். அந்தச் சீலைய அவுத்துப் போடு."

"கொழந்த தூங்குதுங்க," என்றாள் சிந்தாமணி.

அவர்கள் ஏணி செய்துகொண்டார்கள். சங்க நிறத்தில் பெயிண்டு அடித்த ஏணி, கடையிலிருந்து ஜெகதீசன் கொடுத்தது. செருப்பைக் கீழே விட்டுவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி, ஆளுக்கொரு காரில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, மரத்துக்கு மரம் கத்திக் கூட்டம் நடத்தினார்கள். பனியனில் கார் படத்துக்கு அடியில் ஒரு மரமும் சேர்ப்பது என்று தீர்மானம் ஆயிற்று. மேலே இருந்து பார்த்தால் காங்கேயம் ரோடு பாம்பு மாதிரி தெரிகிறது, திட்டம் போட இதைவிட நல்ல இடம் கிடையாது என்றார் ராமபத்திரன். மத்தியானச் சோறு தூக்குப் போசிப் பாத்திரத்தில் கயிறு கட்டி மேலே போனது, ஏப்பம் மட்டும் கீழே வந்தது. மேலே இருந்த நேரமெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், வளைவு வருகிற மாதிரி திருப்பினார்கள், நாச்சிமுத்து ஒரு தடவை யாருக்கோ வழிவிட்டார்.

ஆவணி பிறந்து, அதுவும் கடைசிக்கு வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் லோகு போன் செய்தான்.

"அக்கா, வர்ற வெள்ளிக்கெழமை நான் கெளம்பறேன். ஆசாரிகிட்டச் சொல்லித் தோடு வாங்கி வெச்சாச்சு. அம்மா தெனமும் ரோட்டப் பாத்துட்டு உக்காந்திருக்குது. மச்சான் எப்ப வர்றாராம்?"

"கேட்டுச் சொல்றேன் கண்ணு."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலியிடத்துக்குப் போனாள். அண்ணாந்து பார்த்தாள். அத்தனை ஆம்பிளைகள் மேலே இருக்க, குரலை உயர்த்திக் கூப்பிட வெட்கமாக இருந்தது, ஆனாலும் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, லோகு வெள்ளிக்கெழமை போறானாம். காது குத்தோணும். எப்பங்க கெளம்பறது?"

ஃபியட்டின் ஜன்னலிலிருந்து ஜெகதீசனின் தலை வந்தது. "அதாம்மிணி பேசிட்டிருக்கறம். பழனி வழியாப் போனா தாராபுரம் வருது, திண்டுக்கல் பைபாஸ் புடிச்சா வராது. தலைவரு பைபாஸுங்கறாரு. நானு உனக்காகத்தான் மல்லுக்கட்டிட்டிருக்கறேன்."

சிந்தாமணி காரையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம், "கார் மரத்து மேல இருக்குதுங்களே," என்றாள்.

"தெரியுது. அதனாலதான் நிதானமாப் பேசறம்."

பக்கத்து மரத்திலிருந்து ராமபத்திரன் எட்டிப் பார்த்தார். "கவலப்படாத அம்மிணி. திட்டம் சரியா இருந்தா பாதித் தூரம் போன மாதிரி."

பாதித் தூரம் போன மாதிரிதான். மேல் பாதி.

அவள் கீழே உதிர்ந்து கிடந்த பழங்களில் நல்லதாகப் பார்த்து மடி நிறையப் பொறுக்கினாள். வீட்டுக்குப் போய் ஆனி மாதத்திலேயே கட்டி வைத்த பையை எடுத்தாள். தனியாக பஸ்ஸில் அவள் போனதே இல்லை. எந்த பஸ், எங்கே நிற்கும், யாரிடம் கேட்பது, கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று வழியெல்லாம் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாண்டில் நாகம்மக்கா நின்றிருந்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"தாராபுரங்க்கா. எப்படிப் போறதுன்னு தெரியல."

"இதென்ன கொடும, பஸ்ஸுல ஏறு, அது போகும்," என்றாள் நாகம்மக்கா.

பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் உடம்பெல்லாம் புழுதி, அந்தப் புழுதியில் யாரோ விரலால் பெயர் எழுதியிருந்தார்கள், அதன் மேல் இன்னும் புழுதி படிந்திருந்தது. சிந்தாமணி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, மடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

"கீழ என்னம்மா போட்ட?" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணுமில்லீங்க. எலுமிச்சம்பழம்."

"புதுப் பஸ்ஸுன்னு நெனச்சியா? இதுக்குப் பேரன் பேத்தியே இருக்கும்." விசில் அடித்தார்.

டிரைவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே கியரைப் போட்டார். சதக்கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அவருக்கு அது கேட்டிருக்கவும் இல்லை. பழம் நசுங்கிய வாசம் ஜன்னல் வழியாக ஏறி வந்தது, குழந்தை தும்மியது, பஸ் வளைவைத் தாண்டியது. வலது பக்கம் மரங்களின் மேல் ஒன்பது கார்கள் கடந்து போயின, இல்லை, கார்கள் கடக்கவில்லை, அவை எங்கே கடக்கப்போகின்றன, பஸ்தான் கடந்தது.

காங்கேயத்தில் இறங்கி வேறு பஸ் மாறினாள். இடிபடுவது என்று ஜெகதீசன் சொன்னதெல்லாம் இதுதான்: ஒரு கிழவர் நகர்ந்து இடம் விட்டார், ஒரு பெண் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், ஒரு பூக்கூடை அவள் காலில் முட்டியது, மன்னிப்பாக ஒரு முழம் கிடைத்தது. வெயில் சாய்வதற்குள் அம்மாவின் வாசலில் இருந்தாள். லோகு சம்மணம் போட்டு உட்கார்ந்தான், குழந்தையை மடியில் வாங்கினான், ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தைக்கு முன்னால் அவன் கண்ணை மூடிக்கொண்டான். குழந்தை வீறிட்டு அழுதது, அம்மா சர்க்கரையை வாயில் வைத்தாள், லோகுவின் வெள்ளை வேட்டி நனைந்தது. அவன் எழுந்திருக்கவில்லை, துண்டு கேட்கவில்லை, நனைந்தபடியே கைகொட்டிச் சிரித்தான். சிந்தாமணி அந்த நனைந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டு அழுதாள், அம்மா அதைக் குழந்தை அழுவதற்காக என்று நினைத்துக்கொண்டாள்.

லோகுவை வழியனுப்பிவிட்டு அவள் ஊர் திரும்பியபோது காலியிடத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தூளியை எடுக்கலாம் என்று நேராக அங்கேதான் போனாள். குழந்தையின் காதில் தோடு வெயில் பட்டு மின்னியது. மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

"அம்மிணி, போயிட்டு வந்துட்டியா?" ஜெகதீசன் குரலில் கோபம் வருவதா ஆச்சரியம் வருவதா என்று முடிவாகியிருக்கவில்லை. "எந்த ரூட்டுல போன?"

"பைபாஸா, பழனி ரோடா?" என்றது ஒரு மரம்.

"ரோடு எப்படி இருக்குது? குழியா?" என்றது இன்னொரு மரம்.

"டீ எங்க குடிச்ச?" என்றது இன்னொன்று.

ஒன்பது ஜன்னலிலும் ஒன்பது தலை. கீழே ஆடுகளும், வெங்காயம் உரிக்கிற பெண்களும், நாகம்மக்காவும். சிந்தாமணிக்குத் தலை தானாகவே குனிந்தது.

"பஸ்ஸுல ஏறி உக்காந்தனுங்க," என்றாள். "அது போச்சுங்க."

வெங்காயத் தோல் சரசரப்பது கேட்டது. ராமபத்திரன் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினார், அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"அது சரி அம்மிணி, முன்னால சீட்டா, பின்னால சீட்டா?"

நாகம்மக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வெங்காயக் கூடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிந்தாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அச்சில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து, சேலையை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். முடிச்சு விட்ட கணத்தில் ஃபியட், இத்தனை நாளாக யாரோ கையைப் பிடித்து வைத்திருந்த மாதிரி, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே கிளம்பியது. மற்ற எட்டின் உயரத்துக்குப் போயிற்று, அதையும் தாண்டிப் போயிற்று, கடைசியில் ஜெகதீசனின் வண்டி எல்லாருக்கும் முன்னால் நின்றது. சாய்த்து வைத்திருந்த ஏணி சரிந்து ஆடுகளுக்கு நடுவில் விழுந்தது.

"அம்மிணி!" மேலே இருந்து குரல் வந்தது, மெலிசாக. "அம்மிணி, ஏணி எட்டாது போல இருக்குது!"

அவள் நின்றாள். அண்ணாந்தாள். இந்தத் தடவை குரலை உயர்த்துவதற்கு வெட்கமாக இல்லை.

"அவசரப்படாதீங்க," என்றாள். "எல்லாருங் கூடிப் பேசி, நல்லபடியாத் திட்டம் போட்டு எறங்கி வாங்க. சோறு மூடி வெக்கறேன்."

குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, புழுதி ரோட்டில் வீட்டைப் பார்த்து நடந்தாள்.